சர்க்கரை இரண்டு பங்கு, எண்ணெய் ஒரு பங்கு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். ரேஷன் கடை வரிசையில் நின்றால் சிலருக்குக் கொட்டாவி வரும், எனக்குப் பொய் வரும். எழுபத்தாறு வருஷத்தில் என் பொய் எதுவும் யாரையும் கடித்ததில்லை. இது ஒன்றுதான் நடந்து தொலைத்தது. நடந்துவிட்ட பொய்யை எங்கே வைப்பது என்று தெரியாமல் எழுத உட்கார்ந்தேன்.

ஆரம்பம் சரிப்படவில்லை. முதலில் இப்படி:

கல்வராயன் மலை உச்சியில் வெண்மேகங்கள் தவழ்ந்து

(நிறுத்திவிட்டேன். சித்திரை மாதத்தில் மேகத்துக்கு எங்கே போவது? தவிர, கதை மலையில் நடக்கவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவனிடம் நடக்கிறது.)

இரண்டாவது தடவை:

தெய்வசிகாமணி தன் உள்ளங்கையை உற்றுப் பார்த்தான். அதில் அவன் வாழ்க்கையே

(சீ. கையில் வாழ்க்கை தெரிவது சோசியக்காரன் பிழைப்பு.)

மூன்றாவது தடவை பேனாவை மூடிவிட்டு அடுப்படிக்குப் போனேன். ஒரு கிண்ணத்தில் சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் குழைத்து என் முழங்கையில் தேய்த்துப் பார்த்தேன். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. கதை அந்தச் சத்தத்தோடு வந்தது.

2

தெய்வசிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. தியாகதுருகத்துக்குப் பக்கத்து ஊர். ஒன்றரை ஏக்கர் கரும்பு. ஒரே மகளைத் திருநாவலூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, அவள் பெயரும் புருஷன் வீட்டுக் கார்டுக்குப் போய்விட்டது. இவன் ரேஷன் கார்டில் மிச்சம் இரண்டு பெயர்: தெய்வசிகாமணி, செந்தமிழ்ச்செல்வி. இந்த விவரத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதை இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

போன ஆனி மாதம் செந்தமிழ்ச்செல்விக்கு மலைமேல் வெள்ளிமலைப் பக்கம் ஒரு பள்ளி விடுதியில் சமையல் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும். அவள் புது ஊதாப் புடவை கட்டிக்கொண்டு பையோடு கிளம்பினாள். இவனுக்கு அவள் போவது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லத் தெரியாத ஆண்பிள்ளை என்ன சொல்வானோ அதைச் சொன்னான்.

"போறதுன்னா போ. போனா திரும்பி வராத."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் "சரி" என்றாள். சண்டைக்குத்தான் பதில் தயாராக வைத்திருந்தான். பதறிப்போய் அவள் தோளைப் பிடித்தான். கரும்பு வெட்டிக் காய்த்த கை புடவையில் மாட்டி, ஒரு நூலை அரை முழத்துக்கு உருவிக்கொண்டு வந்துவிட்டது.

"கையா இது, கருக்குமட்ட. கட்டின அன்னிக்கே பொடவய நாசம் பண்ணிட்ட."

அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. பஸ் ஏறிவிட்டாள். விடுமுறை வந்தால் மகள் வீட்டுக்குப் போய்விட்டு அப்படியே மலைக்குத் திரும்பினாள். பத்து மாதம் ஆயிற்று. அந்த ஊதா நூல் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. காலண்டரில் தேதி கிழிக்கும்போது அதன்மேல் கைபடாமல் பார்த்துக் கிழிப்பான்.

(இந்த இடத்தில் எனக்குத் தெய்வசிகாமணிமேல் சந்தேகம் வந்தது. ஒரு போன் போட்டு "வா" என்றால் முடியாதா? முடியாது. "வராத" என்று சொன்னவன் "வா" என்று சொல்வதற்கு நடுவில் ஒரு மலை இருக்கிறது. கல்வராயனைச் சொல்லவில்லை.)

அவன் யோசித்தான். வாயைத் திருத்தலாம் என்றால் ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது. கையைத் திருத்தலாம்.

3

தெய்வசிகாமணியின் தம்பி மகள் கோகிலவாணி தியாகதுருகம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். (இவள் ரொம்பப் பேசுகிறாள் என்று கதையிலிருந்து எடுத்துவிடப் பார்த்தேன். செய்முறை தெரிந்தவள் இவள் ஒருத்திதான். இருந்துவிட்டுப் போகட்டும்.)

"கோகிலா, தோலு மெத்துனு ஆவறதுக்கு இன்னா போடுவாங்க?"

"யாருக்கு பெரிப்பா?"

"மாட்டுக்கு."

"எந்த மாட்டுக்கு?"

"நம்ம செவலைக்குத்தான்."

"செவலய வித்து ரெண்டு வருசம் ஆவுதே."

தெய்வசிகாமணி சுவரில் ஒட்டியிருந்த சினிமா நடிகையின் புருவத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோகிலவாணிக்கு இரக்கம் வந்துவிட்டது.

"சரி, மாட்டுக்கே சொல்றேன், கேட்டுக்க. சர்க்கர ரெண்டு பங்கு, தேங்காண்ண ஒரு பங்கு. கொழச்சிக்கோ. காப்பி வடிகட்டுன சக்க இருந்தா காயவெச்சி ஒரு கரண்டி போடு. அவ்ளோதான், கடையில டப்பாவுல விக்கிறதும் இதான். கைய நனைச்சிக்கினு வட்டமா தேய், அழுத்தாத. வெதுவெதுன்னு தண்ணி ஊத்திக் கழுவு. வாரத்துக்கு ரெண்டு வாட்டி, அதுக்கு ஜாஸ்தி வேணாம்."

"சரிம்மா."

"மாடு நக்காம பாத்துக்க."

ரேஷன் சர்க்கரை இதற்கென்றே செய்ததுபோல இருந்தது, பொடியும் இல்லை, கல்லும் இல்லை. முதல் தடவை எண்ணெய் அதிகமாகி, குளித்தவன் சோப்புக் கட்டிபோல வழுக்கிக் கதவில் முட்டிக்கொண்டான். இரண்டாவது தடவை சரியாகக் கழுவவில்லை. எறும்புகள் பின்தொடர்ந்தன. வயலுக்குப் போனால் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து அவன் வேலை முடிக்கக் காத்திருந்தன என்று சொல்கிறார்கள். (யாரும் சொல்லவில்லை. நான்தான் சொல்கிறேன்.) மூன்றாவது தடவை, கள்ளக்குறிச்சி சந்தையில் மலைக்காரர்களிடம் சாமை வாங்கிவந்து, கொரகொரவென்று இடித்து ஒரு பிடி சேர்த்தான்.

சாமை கோகிலவாணி சொன்னதில் இல்லை. அது தோலுக்கு நல்லதா என்றும் அவனுக்குத் தெரியாது. அவள் இருக்கும் பக்கத்திலிருந்து இறங்கி வந்த பொருள், அவ்வளவுதான்.

இரண்டு மாதத்தில் கை பூப்போல ஆகிவிட்டது. கொடுவாள் பிடி நழுவியது. ஆனால் கையை யாரிடம் காட்டுவது? வேட்டியைத் தடவினால் ஒரு நூல்கூட வரவில்லை. காலண்டரில் தொங்கிய நூலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

4

இப்போது நான் வருகிறேன். பயப்பட வேண்டாம், உடனே போய்விடுவேன்.

பங்குனி மாதம், ரேஷன் கடை வரிசை. முன்னால் தெய்வசிகாமணி, பின்னால் நான். அவனுக்கு முன்னால் யாரோ ஒரு கிழவிக்கு மெஷினில் விரல் பதியவில்லை, சிவப்பு விளக்கே எரிந்தது. வரிசை அசையவில்லை. எனக்குப் பொய் வந்தது.

"களமருதூர்ல ஒருத்தன், சர்க்கரயும் எண்ணெயும் போட்டுக் கைய தேச்சிக்கினே இருந்தான். ரேகையெல்லாம் அழிஞ்சி போச்சி. சோசியக்காரன் கைய பாத்துட்டு, 'ஐயா, நீ இன்னும் பொறக்கவே இல்லியே'ன்னு காச திருப்பிக் குடுத்துட்டான்."

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பினான்.

"அப்பால அரிசிக்கு இன்னா பண்ணான் பெருசு?"

"இன்னா பண்ணுவான்? கார்டுல பேரு இருக்கறவங்க யாராவது வந்து வெரலு வெக்கணும். கோயமுத்தூர்ல வேலைக்கிப் போன பொண்டாட்டி, எட்டு மாசமா எட்டிப் பாக்காதவ, அடுத்த பஸ்ஸுக்கு ஓடியாந்தா."

பொண்டாட்டி என் பொய்யில் முதலில் இல்லை. அவன் கேட்டவிதத்தைப் பார்த்துச் சேர்த்தேன். எழுதுகிறவன் கெட்ட பழக்கம் அது. கேட்கிறவன் முகத்தில் எங்கே பசி என்று பார்த்து அங்கே ஒரு கவளம் வைத்துவிடுவது.

அவன் தன் பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

5

வாரத்துக்கு இரண்டு வாட்டி என்று கோகிலவாணி சொன்னாள். தெய்வசிகாமணி ஒரு நாளைக்கு மூன்று வாட்டி தேய்த்தான். அழுத்தாதே என்றாள், அழுத்தினான். கை எரிந்தது. சோற்றில் கைவைத்தால் குழம்பு சுட்டது. ஒரு மாதத்துக்கான ரேஷன் சர்க்கரை, ரேஷன் சர்க்கரை வாங்கவிடாமல் செய்யும் வேலையில் தீர்ந்துபோனது.

* மருத்துவர் யாராவது இதைப் படித்தால், சர்க்கரையால் ரேகை அழியாது, கரும்பு வெட்டியே பாதி தேய்ந்திருக்கும் என்பார். நான் மறுக்கவில்லை. ஆனால் மருத்துவர் அந்தச் சித்திரை மாதம் கடை வரிசையில் இல்லை.

"வெரல தொடச்சிட்டு வைண்ணா," என்றான் கடை விற்பனையாளன் தமிழழகன். வைத்தான். சிவப்பு. "அடுத்த வெரலு." சிவப்பு. "அந்தக் கை." சிவப்பு. பத்தும் முடிந்தது.

"இனிமே கால் வெரலுதாண்ணா பாக்கி."

"கண்ணு பாக்கற மெஷினு?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு. கார்டுல அண்ணி பேரு இருக்கில்ல? அவங்கள வரச் சொல்லு."

தெய்வசிகாமணி சிரித்தான். அரிசி கிடைக்காமல் சிரித்த மனுஷனை அந்தக் கடை அதற்குமுன் பார்த்ததில்லை. என் பொய்க்குக் கால் முளைத்து என் முன்னாலேயே காலிப் பையோடு நடந்துபோனது.

(இங்கே ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். தமிழழகன், "ஓ.டி.பி. வருதே, அது போதும்" என்கிறான். கார்டில் இருப்பது அவள் போன் நம்பர். விடுதிக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறினால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும். மாதாமாதம் அவள் பாறை ஏறி ஆறு எண் சொல்கிறாள். இவன் காதில் சரியாகவே விழுகிறது, ஆனாலும் "இன்னொரு வாட்டி சொல்லு" என்கிறான். அவளும் சொல்கிறாள். நல்ல முடிவுதான். மாதத்துக்கு ஆறு எண் ஒரு மனுஷனுக்குப் போதுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அடித்துவிட்டேன். பாறையை மட்டும் விட்டுவைத்தேன்.)

அவன் போன் போட்டான். நாலாவது தடவை எடுத்தாள்.

"இன்னா?"

"ரேகை விழல."

"யாருக்கு?"

"எனக்குத்தான். வயசாயிடுச்சி. நீ வந்து வெச்சாதான் அரிசின்றான்."

அந்தப் பக்கம் காற்று அடித்தது. பாறைமேல் நிற்கிறாள் என்று தெரிந்துகொண்டான்.

"சனிக்கெழம காலையில வரேன். அன்னிக்கே திரும்பணும், கள்ளக்குறிச்சியில ரெண்டு மணி வண்டியப் புடிக்கணும், பசங்களுக்கு ராச்சோறு ஆக்கணும்." பிறகு: "எதுக்கும் ஆயம்மா கிட்ட சொல்லிட்டு வரேன். கூட சமைக்கறவ. ரெண்டு நாளு அவளே சமாளிப்பா."

எதுக்கும் என்றால் எதற்கு? அவன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6

சனிக்கிழமை அவள் அதே ஊதாப் புடவையில் இறங்கினாள். தோளில் நூல் போன இடம் ஒரு கோடாகத் தெரிந்தது. பையை வாங்கக் கை நீட்டினான். விரல்மேல் விரல் பட்டது. அவள் பையை விடவில்லை.

"யாரு கைய கழட்டி மாட்டிக்கினு வந்த?"

"என்னுதுதான்."

"ம்ம்," என்றாள். வீட்டுக்கு நடந்தார்கள். வாசல் வந்ததும் கேட்டாள்.

"செவல எப்பிடி இருக்குது? தோலு மெத்துனு ஆயிடுச்சா?"

கோகிலவாணி ரொம்பப் பேசுகிறாள் என்று முன்பே சொன்னேன். தெய்வசிகாமணி செருப்பைக் கழற்றுவதில் மும்முரமானான்.

"பஸ்ஸுல ஒரே தூசி. குளிச்சிட்டு வந்துடறேன்."

அவள் உள்ளே போய்த் தாழ்போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. குழைத்து வைத்த டப்பாவைக் குளியலறையிலிருந்து எடுத்து ஒளித்துவைக்க மறந்துவிட்டான்.

தண்ணீர் சத்தம் கேட்டது. நின்றது. பிறகு கரகர, கரகர. அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். காலண்டர் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். சத்தம் நிற்கவில்லை. ஒரு முகம் தேய்க்க எவ்வளவு நேரம், இரண்டு முழங்கைக்கு எவ்வளவு நேரம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டான். அதற்குமேலும் போய்க்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்தபோது வீடு காப்பி வாசம் அடித்தது. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "போலாமா?" என்றாள்.

குளியலறைக்குள் போய்ப் பார்த்தான். காலையில் முக்கால் இருந்த டப்பாவில் கால்தான் இருந்தது.

எதைத் தேய்த்தாள்? எனக்குத் தெரியாது. நான் குளியலறையில் இல்லை. இருந்தேன் என்று எழுதினால் என் வயசுக்கு அது மரியாதை இல்லை.

7

கடை. வரிசையில் அவள், அவளை ஒட்டி அவன், பின்னால் நான். தமிழழகன் மெஷினைத் திருப்பி வைக்கிறான்.

"வைங்கண்ணி. உங்குளுதும் விழலன்னா திங்கக்கெழமதான், கண்ணு மெஷினு அன்னிக்குதான் வருது."

மணி பன்னிரண்டரை. பச்சை எரிந்தால் அரிசி உண்டு, இரண்டு மணி பஸ்ஸும் உண்டு. சிவப்பு எரிந்தால் இரண்டும் இல்லை. திங்கட்கிழமை வரை வீட்டில் அவள் இருப்பாள். அடுப்பில் வைக்க அரிசி இருக்காது, மிஞ்சிய சாமை ஒரு பிடி இருக்கும்.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். பச்சையை எழுதும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சிவப்பை எழுதும்போது, என் ஆசைக்காக அவள் விரலைத் தேய்க்கிறேனோ என்று கூசியது. ஒரு பொய் சொல்லி இந்த இரண்டு பேரை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். இரண்டாவது பொய்க்குத் துணிவில்லை.

அவள் தலைப்பிலிருந்து கையை எடுக்கிறாள். விரல் கண்ணாடிக்கு அரை அங்குலம் மேலே நிற்கிறது. தெய்வசிகாமணி மெஷினைப் பார்க்கவில்லை. அவள் தோளில் நூல் போன கோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

விளக்கை நீங்களே போடுங்கள். கொஞ்சம் சீக்கிரம். பின்னால் வரிசை நிற்கிறது, எனக்கும் அரிசி வாங்க வேண்டும்.