சின்னியின் வாய்க்கூடை

இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மூன்று பிரிவுகளுக்கும் ஒரே டாக்டர்தான். கார் ஏறாத மலைப்பாதைகளில் அவரைச் சுமந்து போனது சின்னி என்ற மட்டக்குதிரை. அதைப் பார்த்துக்கொள்வது வீரய்யாவின் வேலை.

மற்றக் குதிரைகள் தின்பதில் பாதி தின்றாலே சின்னிக்குச் சதை போட்டுவிடும். ஆனால் அது பாதியோடு நின்றதில்லை. பறித்த கொழுந்தை எடைபோட்டுவிட்டு லயத்து வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள் குதிரைக்கொட்டில் வழியாகத்தான் போவார்கள். ரொட்டித் துண்டோ வெல்லமோ அதன் வாயில் வைக்காமல் கடக்கமாட்டார்கள். பிரசவமோ காய்ச்சலோ, மழையென்று பாராமல் டாக்டரைக் கொண்டுவந்து சேர்த்த குதிரை அல்லவா? வீரய்யாவின் மனைவி லெட்சுமியும் தன் பங்குக்குக் கொள்ளு அவித்து ஊட்டுவாள். உருண்டு திரண்டு மினுமினுத்த குதிரையைப் பார்ப்பதில் எல்லோருக்கும் பெருமை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து மூன்றில், சித்திரை மழைக்குப் பிறகு புல் தளதளவென்று கிளம்பியிருந்த ஒரு காலையில், சின்னி கொட்டிலைவிட்டு வரவில்லை. முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னுக்குச் சாய்த்து நின்றது. வீரய்யா குளம்பைத் தொட்டான். சுட்டது.

நுவரெலியாவிலிருந்து மிருக வைத்தியர் பரமலிங்கம் வந்தார். விலா எலும்பைத் தேடி விரலால் அழுத்தினார். அகப்படவில்லை.

“கொழுப்புத்தான் வினை. குளம்புக்குள்ள வீக்கம். கொள்ளு, ரொட்டி, வெல்லம் எல்லாத்தையும் நிப்பாட்ட வேணும். இளம்புல்லும் கூடாது.”

“அப்ப பட்டினி போடணுங்களா?”

“அதுவும் ஆபத்து. இப்பிடிக் கொழுத்ததைப் பட்டினி போட்டா ஈரல் கெட்டுச் செத்துப்போகும். முத்தின புல்லைக் காயவைச்சு, தண்ணியில ஊறப்போட்டு வடிச்சு, கொஞ்சம் கொஞ்சமாக் குடு. நோ தணிஞ்ச பிறகு நடத்து. இன்னொருக்கா இப்பிடி வந்தா, சுடுறதைத் தவிர வேற வழி இருக்காது.”

அவர் போனதும் வீரய்யா அரிவாளை எடுத்தான். பள்ளத்து ஓரத்தில் முற்றிக் கிடந்த மானாப்புல்லை அறுத்துக் காயப்போட்டான். ஊறவைத்து வடித்து, சிறுகண் வைத்துக் கட்டிய கயிற்று வலையில் திணித்துத் தொங்கவிட்டான். ஒவ்வொரு இழையாக இழுத்துத்தான் தின்ன முடியும். குளம்புச் சூடு தணிய ஓடைத் தண்ணீரில் நிறுத்தினான். வெளியே புல் முற்றிய இடத்தில் கட்டும்போது மூங்கிலில் முடைந்த வாய்க்கூடையை மாட்டினான். அடியில் விட்ட ஓட்டை வழியே புல்நுனி மட்டும் எட்டும்.

சின்னி கதவை உதைத்தது. அவனைக் கண்டதும் கனைத்தது. லயத்தில் அவனைப் பாவி என்றார்கள். “வாயில்லாச் சீவனுக்கு வாயைக் கட்டிட்டான்” என்ற பேச்சு அவன் காதுபடவே நடந்தது.

ஒருநாள் கூடைக்குள் கொள்ளுத் தோல் ஒட்டியிருப்பதைக் கண்டான். நேராக அடுப்படிக்குப் போனான்.

“அது கண்ணைப் பாத்தா மனசு கேக்கலைங்க” என்றாள் லெட்சுமி.

“எனக்கு மட்டும் கேக்குதா? நாளைக்குத் துப்பாக்கியோட தோட்டத்துத் தொரை வந்தா, நீதான் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கணும். முடியுமா ஒனக்கு?”

மிச்சக் கொள்ளு அன்றைக்கு அவனுக்கே துவையலாக வந்தது.

ஆடிப்பூசை அன்று வேறு சோதனை. சின்னி அப்போது நோவில்லாமல் நடக்கத் தொடங்கியிருந்தது. கொழுந்து பறிக்கும் ராக்காயி சர்க்கரைப் பொங்கல் ஏந்திய வாழையிலையோடு கொட்டிலுக்கு வந்தாள். பின்னால் ஐந்தாறு பெண்கள். வீரய்யா வாசலை மறித்து நின்றான்.

“எம் மகன் சன்னியில கெடந்தப்ப டாக்டரய்யாவைக் கொண்டாந்தது இந்தக் குதிரைதான். சாமி சோறு ஒரு வாய் குடுக்கக்கூடாதா? தடுக்க நீங்க யாருண்ணே?”

“நீ ஒரு வாய், அவங்க ஒரு வாய். எல்லாம் போறது ஒரே வயித்துக்குத்தான் தங்கச்சி. நீங்க ஆசையாக் குடுக்கிறதே அதைக் கொன்னுப்புடும்.”

ராக்காயியின் முகம் சுண்டிப்போனது. அவன் உள்ளே போய் சின்னியைக் கூட்டிவந்து, கயிற்றை அவளிடம் நீட்டினான்.

“குடுத்தே ஆகணும்னா நடையைக் குடு. பாலம் வரைக்கும் மெதுவாக் கூட்டிட்டுப் போயிட்டு வா. இதுக்கு இப்ப அதுதான் மருந்து.”

அவள் இலையைப் பக்கத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கினாள். பெண்கள் எல்லோரும் கூடவே நடந்தார்கள். அதற்கப்புறம் வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், குதிரையை நடத்த யாராவது ஒருத்தி வந்து நிற்பது வழக்கமாயிற்று.

கார்த்திகையில் பரமலிங்கம் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை விரலுக்கு விலா எலும்புகள் தட்டுப்பட்டன. குளம்புகள் குளிர்ந்திருந்தன. இனி டாக்டர் ஏறிப் போகலாம் என்றார்.

“இனிமே கொஞ்சம் கூடக் குடுக்கலாங்களா?” என்று லெட்சுமி கேட்டாள்.

“இல்லைப் பிள்ளை. இது கொஞ்சத்திலயே கொழுக்கிற சாதி. உயிரோட இருக்கும்வரை இப்பிடித்தான்.”

லெட்சுமி வீரய்யாவைப் பார்த்தாள். அவன் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

“மழை வர்றதுக்குள்ள புல்லைக் காயவைக்கணும்” என்று சொல்லிக்கொண்டே எழுந்தான். லெட்சுமி புல்லைக் கட்டக் கயிற்றை எடுத்துக்கொண்டு அவன் பின்னால் பள்ளத்துக்கு இறங்கினாள்.