அடுப்படிச் சுவரோரம்

என் மகள் எங்கே என்று யார் கேட்டாலும், இந்தக் கோடை முழுக்க ‘மண் கிண்டப் போய்விட்டாள்’ என்றுதான் சொன்னேன். டவுன்டவுனில் பெரிய யூனிவர்சிற்றியில் தொல்லியல் படிக்கிற பிள்ளை, இங்கிலாந்தில் ஒரு வயலுக்குள் முழங்காலில் நின்றுவிட்டுக் கறுத்து மெலிந்து வந்தாள். இதற்கா இவ்வளவு படிப்பு?

சனிக்கிழமை மத்தியானம் ஹோல் சுவரில் ஸ்லைட் போட்டுக் காட்டினாள். றெஸ்ரோறன்ட் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இவரும் என் பக்கத்தில் இருந்தார்.

வயலுக்குக் கீழே ரோமர்கள் காலத்து ஊர் ஒன்று முழுசாய்க் கிடக்கிறதாம். மேலே மாடு மேய்கிறது. கீழே நேர்நேரான தெருக்கள், கடைகள், கரியோடு ஓர் அடுப்பு. எனக்குக் கொட்டாவி வந்தது. எதைப் பார்த்தாலும் அப்படித்தான். கனகாலமாய் எனக்குள் ஒன்றும் அசைவதில்லை.

“இது அந்த வீட்டு அடுப்படிச் சுவர். சுவரடியில என்ன கிடக்கெண்டு பாருங்கோ,” என்றாள் நிருஷா.

கோழிக்குஞ்சினுடையவை போல மெல்லிய எலும்புகள்.

“பேபி. பெரிய ஆக்களை ஊருக்கு வெளியிலதான் புதைப்பினம். பச்சைக் குழந்தையளை மட்டும் வீட்டோட வைச்சுக்கொள்ளுவினம்.”

எங்களிலும் பெரியவர்களை எரிப்போம், குழந்தைகளைப் புதைப்போம். எண்பத்தேழில், இந்திய ஆமியின் ஊரடங்கு நேரம், பிறந்து ஒன்பதாம் நாள் என் மகன் செத்துப்போனான். சுடலைக்குக் கொண்டுபோக வழியில்லை. இவர் எங்கள் அடுப்படிச் சுவரோரம் வெட்டிப் புதைத்தார். அப்போது மூன்று வயதில் சித்தி வீட்டில் நின்ற நிருஷாவுக்கு, பிள்ளை ஆஸ்பத்திரியிலேயே செத்துப் பிறந்தது என்று சொன்னோம். அதற்குப் பிறகு இந்தப் பதினாறு வருசமாய் நாங்கள் இருவரும் அவனைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

இப்போது ஊரில் இருக்கிற அந்த வீட்டை விற்கப் பேச்சு. வாங்குகிறவன் இடித்துப் புதிதாய்க் கட்டப் போகிறானாம். அத்திவாரம் வெட்டினால் பிள்ளை மண்வெட்டியில் வருவான். விற்க வேண்டாம் என்று இவரிடம் சொல்ல வேண்டும். எப்படித் தொடங்குவதென்று தெரியாமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

“எடுத்த பிள்ளையைப் பேந்து என்ன செய்வினம்?” என்று மகளைக் கேட்டேன்.

“பெட்டியில போட்டு, நம்பர் எழுதி, தட்டில வைப்பினம்.”

எழும்பிக் குசினிக்குள் போனேன். இவரும் பின்னால் வந்தார்.

“இஞ்சருங்கோ, வீட்டை விக்க வேண்டாம். அவன் அங்க கிடக்கிறான். உங்களுக்கு மறந்திருக்கும்.”

“மறக்கேல்லயப்பா,” என்றார். “வித்தாச்சு. விக்க முதல் ஊரில இருக்கிற என்ர அண்ணையைக் கொண்டு அவனை எடுப்பிச்சனான். நாவாந்துறைக் கடல்ல கரைச்சிட்டார். போன மாதம்.”

“எனக்கு ஏன் சொல்லேல்ல?”

“நீ மறந்து நிம்மதியா இருக்கிறாய் எண்டு நினைச்சன்.”

நிம்மதியாம். நல்லாய்த்தான் கண்டுபிடித்தார் மனுசன். கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை.

“கரைக்கேக்க பேர் சொன்னவரோ?”

“என்ன பேர்? முப்பத்தோராம் நாள்தானே பேர் வைக்கிறது. அதுக்கு முதல் போயிட்டானே.”

“நான் வைச்சனான்.”

இவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்னெண்டு?” என்று கேட்டார்.

“லக்ஷன்.”

“ஆரம்மா லக்ஷன்?” ஹோலில் இருந்தபடி நிருஷா கேட்டாள்.

“உன்ரை தம்பி,” என்றார் இவர்.