மிளகாயின் பின்னூட்டம்

சான் ஹெலாசியோவில் கடத்தல் கும்பலுக்குப் பயந்து பத்திரிகைக்காரர்கள் வாயைத் தைத்துக்கொண்டு ஒரு வருஷமாகிறது. எந்தத் தெருவில் துப்பாக்கிச் சூடு, எங்கே வழிமறிப்பு என்பதெல்லாம் ஊருக்குத் தெரியவருவது ஒரு வலைப்பூவின் பின்னூட்டங்களில்தான். நெரெய்டா தினமும் படிப்பாள். ஒரு வரி எழுதியதில்லை. பயம்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அன்று மத்தியானம், பேக்கரிக்கு மேலே இருந்த அவள் வீட்டு ஜன்னலுக்கு நேர்கீழே, பாலத்தின் முகப்பில், கும்பலின் ஆட்கள் ஒரு லாரியைக் குறுக்கே நிறுத்தினார்கள். அவள் புருஷன் ஃபெர்மின் ஏழாம் நம்பர் பஸ்ஸை அந்த வழியாகத்தான் ஓட்டி வரவேண்டும். போன வாரம் ஒரு பஸ்ஸை டிரைவரோடு கொளுத்தியிருந்தார்கள். போன் போட்டாள், எடுக்கவில்லை. ஆனால் பஸ் நிலையத்தை விட்டுக் கிளம்புமுன் டிரைவர்கள் எல்லாரும் வலைப்பூவைப் பார்ப்பார்கள். அதில் எப்படி எழுதுவதென்று கேட்க நாத்தனார் ஒப்துலியாவைக் கூப்பிட்டாள்.

"பொய்ப் பேர் வைங்க அண்ணி. எங்கேருந்து பாக்கறீங்கன்னு மூச்சு விட்றாதீங்க. கேள்வி கேக்கறவனுக்குப் பதில் போடாதீங்க, பாதி பேர் அவனுங்க ஆளு."

மிளகாய் என்று பேர் வைத்துக்கொண்டு எழுதினாள்: "பாலத்துல லாரி குறுக்க நிக்குது. பஸ் எடுக்காதீங்க."

உடனே ஒருவன் எழுதினான்: "புரளி. பாலம் காலியா கெடக்கு. வண்டிய எடுங்கப்பா."

ஃபெர்மின் இதை நம்பிக் கிளம்பிவிட்டால்? நெரெய்டா யோசிக்காமல் தட்டினாள்: "புரளி இல்ல! பேக்கரி மேலேருந்து என் கண்ணால பாக்கறேன்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதற்குள் பதில் வந்துவிட்டது: "நன்றி மிளகாய். எந்த மாடி?"

கீழே ஒருவன் போனிலிருந்து தலையைத் தூக்கி, பேக்கரிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தான். இறங்கி ஓடலாமென்றால் மாடிப்படி அவர்கள் முன்னால்தான் போய் முடிகிறது. நெரெய்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

திரையில் இன்னொரு பின்னூட்டம் வந்தது.

"மிளகாய் நான்தான். பேக்கரின்னது சும்மா விட்ட கதை. பாலத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டேன். பஸ் ஸ்டாண்டுல, ஏழாம் நம்பர்ல உக்காந்திருக்கேன். தைரியமிருந்தா இங்க வாங்கடா." பேர்: ஃபெர்மின்.

பைத்தியக்காரன்! சொந்தப் பேரிலா எழுதுவான்?

கீழே யாரோ ஒருவன் கத்தினான். எல்லாரும் லாரியில் ஏறினார்கள். பாலம் காலியானது. லாரி பஸ் நிலையத்துப் பக்கம் திரும்பியது.

நெரெய்டா தட்டினாள்: "அது அவர் இல்ல. நான்தான். பேக்கரிக்கு மேல, கடைசி மாடி. இங்க வாங்க."

பேருக்கான கட்டத்தில் மிளகாயை அழித்துவிட்டு, நெரெய்டா என்று அடித்து அனுப்பினாள்.