கயிற்றுக்கு அந்தப் பக்கம்

புல் வெட்டுவதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் எடுக்கக் கூடாது, அவ்வளவுதான். புல்லுக்கு இலைதான் அடுப்பு. வெயிலை வாங்கி அங்கேதான் சமைத்துச் சாப்பிடுகிறது. அடுப்பையே அள்ளிக்கொண்டு போய்விட்டால், வேரில் சேர்த்து வைத்ததை எடுத்துத் தின்னும். அதுவும் தீர்ந்தால் மஞ்சளாகும்.

எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்த பச்சைமுத்து அண்ணனுக்கும் இது தெரியும். ஆனால் மாதம் ஒரு தடவை வந்து ஒட்ட வழித்துவிட்டுப் போனால் போதும் என்று இடத்துக்காரர்கள் கேட்டார்கள், அவரும் வழித்தார். திண்டிவனத்தில் ராஜசேகர் சாருடைய கல்யாண மண்டபத்துப் புல்தரை அப்படித்தான் மஞ்சளாகி, 2010-இல் என் கைக்கு வந்தது. அதன் பின்னாலேயே சாருடைய மச்சான் ஆஸ்பத்திரியும் தங்கை நடத்தும் பள்ளிக்கூடமும் வந்தன. மூன்றும் முன்பு பச்சைமுத்து அண்ணன் புல் வெட்டிய இடங்கள். எனக்கு இருப்பதும் அந்த மூன்றுதான். அவை போனால் நானும், என்னோடு களை பிடுங்கும் பாஞ்சாலியும் பவுனுவும், பழையபடி மார்க்கெட் கமிட்டிக்குப் போய் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, தூற்ற வேண்டியதுதான்.

இரண்டு வருடம் கழித்து, ஆவணி பிறந்தபோது பச்சைமுத்து அண்ணன் திரும்பி வந்தார். புது மிஷின் வாங்கியிருந்தார். சார் மகள் சங்கவிக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. வரவேற்பு புல்தரையில்தான் என்று முடிவாகியிருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் வந்தார்.

"அப்ப புத்தி இல்லாம வழிச்சிட்டேன் சார். பாதிய வுடுங்க, செஞ்சு காட்டுறேன்" என்றார்.

சார் என்னைக் கூப்பிட்டு விட்டார். "ஏம்மா செல்வி, தப்பா எடுத்துக்காத. ஆறு சென்ட்டுல ஆளுக்கு மூணு. கல்யாணம் ஞாயித்துக்கெழம. வெள்ளிக்கெழம வந்து பாப்பேன். யாருது நல்லா இருக்கோ அவங்களுக்கு மூணு எடமும்."

தப்பாக எடுத்துக்கொள்ளும் தெம்பு எனக்கு இல்லை. நடுவில் கயிறு கட்டினார்கள். சமையல்கட்டுப் பக்கம் எனக்கு, ரோட்டுப் பக்கம் அவருக்கு.

இரண்டு வாரம் ஒழுங்காகத்தான் போனது. அவரும் இந்தத் தடவை அளவாக வெட்டினார். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால், திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நாங்கள் மூவரும் போய்ச் சேர்ந்தோம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் புல் நுனியெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கடுகு போல மின்னியது.

"யூரியாக்கா" என்றாள் பாஞ்சாலி.

யூரியாதான். வீசிய கையைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. ஓரிடத்தில் குவியல் இல்லை, ஓரிடத்தில் வெறுமை இல்லை. பச்சைமுத்து அண்ணன் வல்லம் பக்கம் நெல் விளையும் ஊரில் பிறந்தவர். வீசுவது அவருக்கு நடக்கிற மாதிரி. நான் வீசினால் ஒரு பக்கம் குவியும், அங்கே புல் கரும்பச்சையாகத் திட்டுத் திட்டாக எழும்பும்.

யூரியா போட்டால் நாலைந்து நாளில் புல் பளிச்சென்று பச்சையாகும். வெள்ளிக்கிழமைக்குச் சரியான கணக்கு. ஆனால் போட்ட கையோடு தண்ணீர் பாய்ச்சி அதை மண்ணுக்குள் இறக்கிவிட வேண்டும். இலையிலேயே தங்கினால், மாங்காய்த் துண்டில் உப்பைக் கொட்டினால் எப்படித் தண்ணீர் விட்டுக்கொண்டு சுருங்குமோ, அப்படி இலையிலிருந்து ஈரத்தை வெளியே இழுத்துவிடும். பனி ஈரத்தில் ஒட்டிக்கொண்ட யூரியாவின் மேல் வெயிலும் ஏறினால், மறுநாள் இலை வெந்தது போல இருக்கும்.

வாட்ச்மேன் அப்பாதுரை மோட்டார் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"ஆறரைக்கு வீசிட்டு விழுப்புரம் போயிட்டாரும்மா. ஒம்பது மணிக்குக் கரண்டு வந்ததும் மோட்டாரப் போடுன்னாரு. நானும் அமுத்திக்கினே இருக்கேன். வரல."

வராது. அந்த வருடம் மின்சாரம் எப்படி இருந்தது என்பதைச் சொன்னால்தான் இது புரியும். போர்வெல் மோட்டாருக்கு மூன்று பேஸும் வேண்டும். அது பகலில் மூன்று மணி நேரம்தான் வரும். ஒரு வாரம் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு. அடுத்த வாரம் மதியம் மூன்றிலிருந்து ஆறு. முறை மாறுவது திங்கட்கிழமைகளில். மண்டபத்து ஜெனரேட்டர் விளக்குக்கும் விசிறிக்கும்தான் தாங்கும், மோட்டாரை இழுக்காது. பச்சைமுத்து அண்ணன் போன வாரத்து நேரத்தை நம்பிக்கொண்டு வீசியிருக்கிறார்.

நான் அவருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, முறை மாறிடுச்சு. இங்க மூணு மணிக்குத்தான் கரண்டு. யூரியா அப்படியே இலை மேல நிக்குது."

"ஏம்மா, நான் விழுப்புரத்துல மிஷின கரண்டுல போட்டு ஓட்டிக்கினு இருக்கேன். இங்க இருக்குற கரண்டு அங்க இல்லாமப் போவுமா?"

"இது வேற லைனுண்ணே. இங்க வேற நேரம்."

"அப்பாதுரை ஒம்பதுக்கே தண்ணி வுட்டிருப்பாரு. நான் ஓடியாந்து இன்னொரு வாட்டி தண்ணி வுட்டு, போட்ட உரமெல்லாம் கரைஞ்சி போவணும். அதானே? உன் பக்கத்த மட்டும் பாரும்மா, பேஜாரு பண்ணாத." வைத்துவிட்டார். அடுத்த மூன்று தடவையும் எடுக்கவில்லை.

வேப்ப மர நிழலில் உட்கார்ந்தேன். முதல் நாள்தான் பள்ளிக்கூடத்தில் முழுதும் வெட்டியிருந்தோம். தோள் இரண்டும் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. பவுனு தூக்குவாளியைத் திறந்து கேப்பைக் கூழை ஊற்றிக் கொடுத்தாள்.

"கருகட்டும் வுடுக்கா. மாதா உனக்காவத்தான் கரண்ட நிறுத்தி வெச்சிருக்கா."

"அவளுக்கு வேற வேல இல்ல பாரு" என்றாள் பாஞ்சாலி.

நானும் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்; அவர் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை அவருடைய மூன்று சென்ட்டும் காய்ந்து கிடக்கும். மூன்று இடமும் என்னிடமே இருக்கும். கூழைக் குடித்து முடித்தேன். வெயில் ரோட்டோரத்துச் சுவரைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சளாகிக் கிடந்தபோது அந்தப் பக்கத்துப் புல்லைப் பெயர்த்துவிட்டு, ஒவ்வொரு பத்தையாக மறுபடி பதித்தது நாங்கள் மூவரும்தான். பதித்த அன்று பவுனுவுக்குக் காய்ச்சல்.

"அப்பாதுரை அண்ணே, மேல்தொட்டில தண்ணி இருக்கா?"

"பாதி இருக்கு. சமையலுக்கு வேணும்னு சொல்லி வெச்சிருக்காங்க."

"சமையல் ஞாயித்துக்கெழமதானே. மூணு மணிக்கு ரொப்பிக்கலாம்."

பாஞ்சாலி என்னைப் பார்த்தாள். "அந்தாளுக்கு நாம தண்ணி தூக்கணுமா? உனக்கு என்னா கொழுப்பா?"

"ஜல்தி எழுந்திரு. வெயில் ஏறுது."

தொட்டிக் குழாய் சமையல்கட்டுக்குப் பின்னால் இருக்கிறது. எங்களிடம் இருந்த ஹோஸ் அவ்வளவு தூரம் எட்டாது. இரண்டு பூவாளி, ஒரு குடம். கயிற்றின் பக்கத்திலிருந்து தொடங்கி ரோட்டுப் பக்கமாக நனைத்துக்கொண்டே போனோம். சும்மா தெளித்தால் போதாது. இலையைக் கழுவி, மண்ணுக்குள் ஒரு விரற்கடை இறங்குகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். எத்தனை நடை என்று எண்ணவில்லை. பாஞ்சாலி வழியெல்லாம் திட்டிக்கொண்டே தூக்கினாள், ஆனால் ஒரு நடைகூடக் குறைக்கவில்லை. பாதிக்குமேல் நனைத்த பிறகு குழாய் காற்றைக் கக்கியது. தொட்டி காலி. ரோட்டோரமாக ஒரு சென்ட்டுக்குச் சற்று அதிகமாக அப்படியே நின்றுவிட்டது. அதை மூன்று மணிக்கு அப்பாதுரை மோட்டார் போட்டு நனைத்தார். அதற்குள் அது வெந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ராஜசேகர் சார் வந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு பக்கம் பச்சைமுத்து அண்ணன். அப்பாதுரை கொஞ்சம் தள்ளி. புல்தரை மூன்று நிறமாக இருந்தது. சமையல்கட்டுப் பக்கம் என்னுடையது, ஒழுங்கான, மங்கலான பச்சை. ரோட்டோரம் சாணி நிறத்தில் ஒரு பட்டை. நடுவில் இருந்த துண்டு, கிளிக்குஞ்சு மாதிரி.

சார் நேராக நடுவில் போய் நின்றார். "இதான் வேணும். இது யாரு வேல?"

நான் கயிற்றைப் பார்த்தேன். அது அந்தத் துண்டைப் பச்சைமுத்து அண்ணன் பக்கம்தான் காட்டியது. அவர் ஆமாம் என்றால் முடிந்தது. காய்ந்த பட்டைக்கு நாய் புரண்டது, லாரி மண் பறந்தது என்று எதையாவது சொல்லிக்கொள்ளலாம். அவர் குனிந்து, பச்சை முடிந்து சாணி நிறம் தொடங்குகிற ஓரத்தைப் பார்த்தார். அந்த ஓரம் நேராக இல்லை. பூவாளி ஊற்றிய இடமெல்லாம் அரை வட்டம் அரை வட்டமாக, அப்பளம் கடித்த மாதிரி இருந்தது. விரலால் ஒரு வட்டத்தைத் தடவினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் எழுந்தார்.

"உரம் நான் போட்டது சார். தண்ணி நான் வுடல. அப்பாதுரையக் கேளுங்க."

அப்பாதுரை சொன்னார். சமையல் தண்ணீரைத் திறந்துவிட்டதையும் சேர்த்தே சொன்னார்.

சார் காய்ந்த பட்டைப் பக்கம் ஒரு நடை போய் வந்தார். "செல்வியே பாக்கட்டும். காஞ்ச எடத்துல சாப்பாட்டு டேபிளப் போட்டுக்கலாம். ஆனா ஒண்ணு. இனிமே மொத்தமும் இந்தக் கலர்ல இருக்கணும்."

"சார், இந்தக் கலரு இருவது நாளுதான் நிக்கும். மறுபடி போடணும். போட்டா வாரத்துக்கு ரெண்டு வாட்டி வெட்டணும், இல்லன்னா..."

அவருக்குப் பந்தல்காரனிடமிருந்து போன் வந்துவிட்டது. மூன்று இடமும் எனக்கே என்பதில் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் வாரத்துக்கு இரண்டு வெட்டு, மூன்று இடம் என்று வேலைக் கணக்கிலேயே மனம் போனது.

பச்சைமுத்து அண்ணன் கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வுட்டிருந்தா முழுசா கருகியிருக்கும். என்னாத்துக்கும்மா தண்ணி தூக்குன?"

"அந்தப் பத்தை ஒவ்வொண்ணும் நாங்க பதிச்சதுண்ணே. கருகுறதப் பாத்துக்கினு உக்கார முடியல." பிறகு கேட்டேன். "மாசம் ஒரு வாட்டி வந்து உரம் வீசிக் குடுக்கிறீங்களா? என் கைக்கு அது வர மாட்டேங்குது. கூலி வாங்கிக்கோங்க."

அவர் கயிற்றைச் சுற்றி முடித்து வண்டியில் மாட்டினார். புது மிஷின் பின்னால் கட்டியிருந்தது.

"வர்றேன். கரண்டு எப்பன்னு நீ கேட்டு வெச்சிடு. நான் இனிமே அந்த வேலைக்கு ஆகமாட்டேன்."

அவர் போன பிறகு மின்வாரிய ஆபீசுக்குப் போன் போட்டேன். எங்கேஜ்டாக இருந்தது. பாஞ்சாலியும் பவுனுவும் நடுத்துண்டில் வெட்டத் தொடங்கியிருந்தார்கள். நாலு நாளில் அது அவ்வளவு வளர்ந்துவிட்டது. மறுபடி போன் போட்டேன்.