பின்னறையில் எல்லோரும் நலம்

பெரிய டாக்டர் மேடைக்கென்று தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையில் சமையலக்கா தேநீரைக் கொட்டிவிட்டாள். சட்டைக்குள் டாக்டரும் இருந்தார் என்பதுதான் விஷயம்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" என்று குதித்தார்.

"தெரியலைங்கய்யா." சமையலக்கா உண்மையைத்தான் சொன்னாள். "ஒரு வாரமா எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது. பின்மண்டை பொளக்குது. இப்பக்கூட நீங்க ரெண்டு பேரா நிக்கிறீங்க."

டாக்டரின் மனைவி துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். ஒருவரையே சமாளிக்க முடியாத வீட்டில் இரண்டு பேரா!

"போன வாரம்தானே கிளினிக்ல பார்த்தாங்க? பிரஷர் நார்மல். உடம்பு வேலைக்கு வணங்கல, அதுக்கு இப்படி ஒரு சாக்கு." டாக்டர் மனைவி பக்கம் திரும்பினார். "இன்னியோட இவளை நிறுத்திடு. எனக்கு வேற சட்டை எடு."

சமையலக்கா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த வேலை போனால் அடுத்த மாதம் அவள் வீட்டில் அடுப்பு எரியாது என்பது மூவருக்கும் தெரியும்.

டாக்டரின் மனைவியைக் கிளினிக்கில் எல்லோரும் மேனேஜரம்மா என்பார்கள். டாக்டர் வைத்தியம் பார்ப்பார்; மற்ற எல்லாம் இவள் கையில். முன்பதிவு செய்துகொண்டு வருகிறவர்களுக்கு மெத்தை நாற்காலி போட்ட முன்கூடம். சமையல்காரி, பெருக்குகிறவள், வண்டி ஓட்டுகிறவன் எல்லாம் சந்து வழியாக வந்து பின்னறையில் உட்கார வேண்டும். யாருக்கும் சங்கடம் வரக் கூடாது என்று இவளே போட்ட ஏற்பாடு. யாருடைய சங்கடம் என்று யாரும் கேட்டதில்லை, இவளும் யோசித்ததில்லை.

அன்று மாலை, ஊரிலுள்ள கிளினிக் தலைவர்களெல்லாம் கூடும் கூட்டம். எல்லோருக்கும் சமமான மருத்துவம் என்பதைப் பற்றிப் பெரிய டாக்டர் பேசுகிறார். முன்கூடத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம். பின்னறைக்கு வருகிறவர்களில் ஒருவருக்கும் இல்லை! "ஏழைங்க நம்மைவிட ஆரோக்கியமா இருக்காங்க. இதைவிடச் சமத்துவம் என்ன வேணும்?" என்று ஒரு வாரமாகக் கண்ணாடி முன் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். கண்ணாடியும் மறுத்துப் பேசவில்லை.

மேனேஜரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. வேறு சட்டையை எடுத்துக் கட்டிலில் எறிந்துவிட்டு, சமையலக்காவைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளினிக்குக்குக் கிளம்பினாள். பழக்க தோஷம், கால் சந்துப் பக்கம்தான் போனது.

பின்னறை நர்ஸ் சமையலக்காவின் கையில் பிரஷர் மிஷினின் பட்டையைச் சுற்றினாள். மிஷின் உஸ்ஸென்று பெருமூச்சு விட்டது. நூற்றுப் பதினெட்டு.

"நார்மல்," என்றாள் நர்ஸ், தரையைப் பார்த்தபடி.

"அப்ப ஐயா சொன்னது சரிதான் போலம்மா," என்றாள் சமையலக்கா. "எனக்குத்தான் சோம்பேறித்தனம்." அதைச் சொல்லும்போதே அவள் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டாள்.

மேனேஜரம்மாவுக்கு வீட்டில் ஏறிய கோபம் இன்னும் இறங்கவில்லை. "எனக்குப் பாரு," என்று கையை நீட்டினாள். நூற்றுப் பதினெட்டு.

"என்னடி இது? வேளை தவறாம மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காதவ நான். அந்த மனுஷனோட குடித்தனம் நடத்துற எனக்கு நார்மலா?"

அடுத்து, வரிசையில் இருந்த லாரி டிரைவருக்கு நூற்றுப் பதினெட்டு. அவர் பக்கத்தில் இருந்த கிழவருக்கும் அதே. கடைசியில் மேனேஜரம்மா பட்டையை எடுத்து நாற்காலியின் கையில் சுற்றிப் பொத்தானை அமுக்கினாள். நாற்காலிக்கும் நூற்றுப் பதினெட்டு. பரவாயில்லை, நல்ல ஆரோக்கியமான நாற்காலி. டிரைவர் சிரித்தார். வரிசை முழுக்கச் சிரித்தது. நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

"பட்டை கிழிஞ்சு காத்து நிக்கலைன்னு போன வருஷமே சொன்னேனேம்மா. முன்கூடத்துல இருந்து இந்த மிஷினை இங்க அனுப்பறப்போ பெரிய டாக்டர் தன் கையில கட்டிப் பார்த்தாரு. அப்பப் பதிஞ்ச அளவையே யாருக்குப் பார்த்தாலும் காட்டுது. நீங்கதான் 'பின்னாடிக்கு இது போதும், சமாளிச்சுக்கோ'ன்னீங்க."

சொன்னது ஞாபகம் வந்தது. போனில் வேறு யாருடனோ பேசிக்கொண்டே, பாதிக் காதில் கேட்டுச் சொன்ன பதில். இத்தனை நாளும் இந்த வரிசை முழுவதும் தன் புருஷனுடைய ரத்த அழுத்தத்தைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறது! மேனேஜரம்மா பட்டையை உருவி எறிந்தாள்.

சமையலக்காவின் தோளை அணைத்து, எப்போதும் பூட்டியே இருக்கும் நடுக்கதவைத் திறந்து முன்கூடத்துக்குக் கூட்டிப் போனாள். மெத்தை நாற்காலிகள் நிமிர்ந்து பார்த்தன. "உக்காருங்க," என்று முதல் நாற்காலியைக் காட்டினாள். சமையலக்கா நுனியில் உட்கார்ந்தாள். அங்கே இருந்த புது மிஷின் இருநூற்றைத் தாண்டிப் போய் நின்றது. பெரிய டாக்டரிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டர் ஓடி வந்தார்.

"இப்பவாவது கூட்டிட்டு வந்தீங்களேம்மா. விட்டிருந்தா ஒரு பக்கம் இழுத்திருக்கும்," என்றார் ஊசியை எடுத்துக்கொண்டே.

சமையலக்காவைப் படுக்க வைத்துவிட்டு, மேனேஜரம்மா புது மிஷினைப் பின்னறைக்குத் தூக்கிப் போனாள். பழையதை முன்கூடத்து மேஜையில் வைத்தாள். அரை மணி ஆகவில்லை, ஒரு நகைக்கடைக்காரர் கத்தினார். அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே அளவாம். பெரிய டாக்டருக்குப் போன் பறந்தது. பின்னறையில் ஒரு வருஷம் யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தாலும் யாரிடம் கத்துவது?

பெரிய டாக்டர் புதுச் சட்டையில் வந்து இறங்கினார். பின்னறையில் மனைவி ஒரு பெருக்குகிறவளின் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன கூத்து இது?"

"இதுவரைக்கும் பார்த்த எல்லாருக்கும் ஏறித்தான் இருக்குங்க. டிரைவருக்கு, அந்தப் பெரியவருக்கு, எல்லாருக்கும்."

டாக்டரின் முகம் வெளுத்தது. ஒரு கணம் அவருக்கு உறைத்துவிட்டது என்றே அவள் நம்பினாள்.

"ஐயோ, என் பேச்சு!" என்றார் அவர். குரலைத் தாழ்த்திக் கெஞ்சினார். "கூட்டம் முடியற வரைக்குமாவது பழைய மிஷினை இங்க வைம்மா. நாளைக்கு மாத்திக்கலாம்."

"முடியாதுங்க," என்றாள் அவள். "நேரமாச்சு, நீங்க கிளம்புங்க."

அவர் போனார். பழைய பேச்சையே பேசினார். மண்டபம் கைதட்டியது, பொன்னாடை போர்த்தினார்கள். அதே நேரம் கிளினிக்கின் நடுக்கதவு மூடாமல் இருக்க ஒரு பெஞ்சை முட்டுக் கொடுத்திருந்தார்கள். மேடையில் அவர் நலமென்று அறிவித்தவர்கள் முன்கூடத்து மெத்தை நாற்காலிகளில் உட்கார்ந்து மாத்திரைக்குக் காத்திருந்தார்கள்.