குங்குமம் வைத்த ரென்-4

மதியம் ஒன்று நாற்பத்திரண்டு. துறைமுக வாசலில் சிவப்பு எண்களில் ஓடிய கடிகாரத்தை செந்தூர்வேல் மூன்றாவது தடவையாகப் பார்த்தான். இரண்டு மணிக்குள் உள்ளே போய் விரல் ரேகை வைக்க வேண்டும். இந்த மாதத்தில் இரண்டு நாள் தவறிவிட்டான். இன்னொரு நாள் தவறினால் பாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போ என்று கான்ட்ராக்டர் சொல்லியிருந்தார். அவன் கிரேன் எலெக்ட்ரீஷியன். கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்கும் கிரேன்கள். பாஸ் இல்லையென்றால் கிரேனும் இல்லை.

பையை ஸ்கேனரில் போட்டான். உள்ளே போனது. பெல்ட் நின்றுவிட்டது.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்த காவலர் எழுந்து இந்தியில் ஏதோ கத்தினார். இன்னொரு காவலர் செந்தூர்வேலின் முழங்கையைப் பிடித்து வரிசையிலிருந்து வெளியே இழுத்தார்.

அவனுக்கு அப்போதும் புரியவில்லை. பையில் என்ன இருக்கிறது? குறடு, ஸ்பானர், சுத்தியல், மல்டிமீட்டர். நேற்று ஆயுத பூசை. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது அம்மா சீனித்தாய் எல்லாவற்றையும் எடுத்து வாழையிலையில் பரப்பி, பொரி கடலை படைத்திருந்தாள். இன்று அவளே அடுக்கி ஜிப்பை இழுத்துக் கொடுத்தாள். “வேலை பாக்குத எடத்துல போயித்தான் தொறக்கணும். வழியில தொறந்திராதல.”

அவன் திறக்கவில்லை.

காவலர் திறந்தார். மேலாகவே கிடந்தது ரென்-4.

‘அவுட்டர் ரீஃப்’ என்ற விளையாட்டில் வீரனின் இடுப்பில் வரும் கைத்துப்பாக்கி அது. விண்வெளிச் சண்டை. மற்றதில் எல்லாம் குண்டு தீர்ந்துபோகும், ரென்-4இல் தீராது. செந்தூர்வேல் அதை 3டி பிரிண்டரில் துண்டு துண்டாக அச்சடித்து, ஒட்டி, இரண்டு மாதம் ராவி, இரும்பு நிறம் ஏற்றியிருந்தான். கையில் கனக்க வேண்டும் என்று பிடிக்குள் மீன் வலையில் கட்டும் ஈயக்குண்டுகளை இறக்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மாறுவேடப் போட்டி. அதற்காகச் செய்தது.

இப்போது அது மேசைமேல் இருந்தது. குழலில் மூன்று கோடு சந்தனம், நடுவே குங்குமம். பிடியில் ஒரு பொரி ஒட்டியிருந்தது.

வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற ஜோன்ஸ், அவனோடு கிரேனில் வேலை பார்ப்பவன், எட்டிப் பார்த்தான்.

“ஏலே செந்தூரு, பூசையெல்லாம் போட்டுல்லா கொண்டாந்திருக்க! யாரலே போடப்போற? சூப்பர்வைசரையா?”

“வாய மூடுல.”

“எனக்கும் ஒண்ணு ரெண்டு பேரு இருக்கு, சேத்துக்கோ.”

காவலர் திரும்பி ஜோன்ஸை முறைத்தார். ஜோன்ஸ் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பக்கத்து வரிசைக்கு மாறினான். ஸ்கேனரைத் தாண்டி உள்ளே போனான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஒன்று நாற்பத்தேழு.

அதிகாரி வந்தார். தமிழர். சட்டையில் சிவப்பிரகாஷ் என்று பெயர் குத்தியிருந்தது. துப்பாக்கியைத் தொடாமல் குனிந்து பார்த்தார்.

“என்னப்பா இது?”

“பொம்மை சார். கேம்ல வருது.”

“பொம்மைக்கு யாருய்யா பூசை போடுவா?”

“அம்மா சார். தெரியாம வச்சிட்டாங்க.”

“முனையில ஓட்டையே இல்ல. கண்ணாடி இருக்கு. இதுல என்ன வரும்?”

“லேசர் சார்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். “கேம்ல சார். கேம்லதான் லேசர்.”

“நீ எலெக்ட்ரீஷியன்தானே?”

அதிகாரி அவன் கழுத்திலிருந்த பாஸைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டார்.

“அம்மாவுக்குப் போன் போடு. ஸ்பீக்கர்ல.”

சீனித்தாய் உடனே எடுத்தாள். “என்னய்யா, உள்ள போயிட்டியா? தொறந்து பாத்தியா?”

“அம்மா, ஆபீசர் பேசுதாரு.”

“நான் துறைமுக செக்யூரிட்டிம்மா. பையில துப்பாக்கி வச்சது நீங்களா?”

“ஆமா சார். நாந்தான்.” குரலில் பெருமை இருந்தது. “பூசை வச்சத மறுநாளு வேலைக்கு எடுத்துட்டுப் போவணும்லா? ஒண்ண மட்டும் வீட்டுல போட்டா நல்லாவா இருக்கும்?”

“அது பொம்மைதானம்மா?”

“பொம்மையா? ரெண்டு மாசமா பிள்ளை மாதிரி வச்சிருக்கான் சார். தொடச்சித் தொடச்சி வைப்பான். நம்ம ஆயுதம்னுதான் சொல்லுவான்.”

“அம்மா!”

“நீ சும்மா இருல. லீவு நாளுன்னா முழுக்கச் சுடுதான் சார். நேத்து நானூறு பேர முடிச்சேன்னான். சோறு திங்கக் கூப்பிட்டா, இன்னும் பத்து பேரு பாக்கி இருக்குங்கான்.”

இந்திக்காரக் காவலருக்கு எவ்வளவு புரிந்ததோ, அவர் ஒரு அடி நகர்ந்து செந்தூர்வேலுக்குப் பின்னால் வந்து நின்றார். அதிகாரி போனை அணைத்தார். அவர் உதடு கொஞ்சம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று செந்தூர்வேலுக்குத் தோன்றியது. இருக்கட்டும். சிரிக்கட்டும். விட்டால் போதும்.

ஒன்று ஐம்பத்திரண்டு.

“இங்க பாரு,” என்றார் அதிகாரி. “பேப்பர் எழுதினா போலீசுக்குப் போகும். உன் பாஸும் போகும். எனக்கும் இழுவை. பொம்மைங்கிற. சரி. என் கண் முன்னால உடைச்சுக் குப்பையில போடு. உள்ள போ.”

செந்தூர்வேல் ஞாயிற்றுக்கிழமையை நினைத்தான். ஒரு மூச்சு நேரம்தான். பைக்குள் கைவிட்டுச் சுத்தியலை எடுத்தான். அதன் தலையிலும் குங்குமம் இருந்தது.

ரென்-4ஐ சிமெண்ட் தரையில் வைத்து மண்டியிட்டான். ஓங்கி அடித்தான்.

துப்பாக்கி துள்ளித் திரும்பி விழுந்தது. பெயிண்ட் ஒரு சில்லு போயிருந்தது.

இன்னும் ஓங்கி அடித்தான். டங் என்றது. மேடைக்கு எடுத்துப்போகும்போது முறியக் கூடாதென்று குழலுக்குள் ஒரு ஸ்டீல் கம்பியை விட்டு எபாக்சி பசை ஊற்றி இறுக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பதினாறு மில்லி கம்பி. ஒரு சந்தும் இல்லாமல் நிரப்பியிருந்தான். அன்று அதை ஜோன்ஸிடம் காட்டிப் பெருமையடித்திருந்தான்.

மூன்றாவது அடி. நான்காவது. வரிசை நின்று பார்த்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. பிடியை இடது கையால் அழுத்திக்கொண்டு குழலின் நடுவில் அடித்தான். சந்தனம் உதிர்ந்தது. குழல் வளையக்கூட இல்லை. சுத்தியல் நழுவி விரலில் பட்டது. விரலை வாயில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தான்.

ஒன்று ஐம்பத்தேழு.

அதிகாரியின் உதட்டில் இப்போது சிரிப்பு இல்லை. பாஸை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“பொம்மைன்னா உடையணும்ல தம்பி?”