உட்காரக் கூடாத கடை

தொலைக்காட்சித் தொடருக்காக அந்தக் காலத்துப் பெரிய துணிக்கடை ஒன்றை அட்டையிலேயே கட்டியிருந்தார்கள். விற்பனைப் பெண்களாக நடிக்க வந்தவர்கள் காலையிலிருந்து நின்றார்கள். உட்கார்ந்தால் கஞ்சி போட்ட உடுப்பு கசங்கிவிடுமாம். விளக்குகளை மாற்றும்போது, அவர்களில் வாழ்க்கையிலேயே முதல் வசனம் கிடைத்திருந்த நெட்டையக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எந்திரிம்மா. அந்தக் காலத்துக் கடையில பொண்ணுங்க உக்காரவே கூடாது,” என்றார் இயக்குநர்.

“கேமரா ஓடுறப்ப நிக்கிறேன் சார். இப்ப லைட்டு மாத்துறீங்களே, இது எந்தக் காலம்?”

“உன் வசனத்தைத் தூக்கிடுவேன்.”

“தூக்கி அந்தத் துணிக்கடை பொம்மைக்குக் குடுங்க. அதுக்குத்தான் கால் வலிக்காது.”

மற்றப் பெண்களும் மேசைமேல் ஏறி உட்கார்ந்தார்கள். விற்பனைப் பெண்ணே இல்லாத கடையில் முதலாளி வேடக்காரர் யாரை அதட்டுவார்? இயக்குநர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: “இஸ்திரிக்காரரைக் கூப்பிடுங்கப்பா.”